நிமோனியேவா, மைட்டிஸா? 16எஸ் மட்டும் போதாது

ரத்த வளர்ப்பில் (நோயாளியின் ரத்தத்திலிருந்து கிருமியை வளர்க்கும் சோதனையில்) வந்த கிருமியின் 16எஸ் மரபணுவில், அதாவது பாக்டீரியாவை அடையாளம் காணப் பயன்படும் மரபணுவில், 480 டிஎன்ஏ எழுத்துகள் படித்துப் பொதுத் தரவுத்தளத்தில் தேடினால், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் நிமோனியே, மைட்டிஸ் இனங்கள் இரண்டுமே 99 சதவீதத்துக்கு மேல் பொருந்துகின்றன, எதை எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். தவறு உங்கள் கையில் இல்லை. இந்த இரண்டு இனங்களின் 16எஸ் வரிசை கிட்டத்தட்ட ஒன்றுதான். சுமார் 1,500 எழுத்துகளையும் முழுதாகப் படித்தாலும் நம்பிப் பிரிக்க முடியாது. ஈ.கோலை, ஷிகெல்லா என்ற குடல் பாக்டீரியாக்களைப் பிரிக்கும் விஷயத்திலும் இதே தலைவலிதான்.

பட்டியலில் முதலில் வந்த பெயரை அப்படியே எடுத்து எழுதிவிடாதீர்கள். பொதுத் தரவுத்தளத்தில் தவறான பெயரோடு பதிவான வரிசைகளும் உண்டு. மாதிரித் திரிபுகளோடு (ஒவ்வோர் இனத்துக்கும் அதிகாரபூர்வ அடையாளமாக வைக்கப்பட்ட திரிபுகளோடு) மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். வரிசையைப் படித்த கருவி தரும் முகடு வரைபடமான குரோமட்டோகிராமையும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். ஒரே இடத்தில் இரட்டை முகடுகள் தெரிந்தால் இரண்டு கிருமிகள் கலந்த வளர்ப்பாக இருக்கலாம்.

அப்புறம், வேகமாக முடிவு வேண்டுமென்றால் பழைய முறைதான் கைகொடுக்கும். பித்த உப்புக் கரைசலில் நிமோனியே உடைந்து, கலங்கிய திரவம் தெளியும். மைட்டிஸ் அப்படியே கலங்கலாக நிற்கும். நிமோனியேவின் வளர்ச்சியைத் தடுக்கும் ஆப்டோசின் மருந்து வட்டையும் வைக்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள், அதற்கு அடங்காத நிமோனியே திரிபுகளும் இருக்கின்றன. மரபணு வழியிலேயே போக வேண்டுமானால் நிமோனியேவைக் காட்டும் லைட்ஏ மரபணுவைத் தேடும் பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) செய்யுங்கள், அல்லது ஆர்பிஓபி, ஜைஆர்பி போன்ற மரபணுக்களைப் படியுங்கள்.

அதுவரை அறிக்கையில் 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மைட்டிஸ் குழு, நிமோனியே உட்பட' என்று எழுதி, மருத்துவரிடம் போனிலும் சொல்லிவிடுங்கள். மைட்டிஸ் வாயில் இயல்பாக வாழ்வது. நிமோனியே ரத்தத்தில் இருந்தால் கதையே வேறு.