மூன்று சிவப்பு விளக்கு எரியும் கன்சோலை வாங்கலாமா?

கேள்வி (மதுரை வாசகர்): டிவியில் இணைத்து விளையாடும் பழைய எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோல் ஒன்று 3,000 ரூபாய்க்கு வருகிறது. ஆன் செய்தால் பட்டனைச் சுற்றி மூன்று சிவப்பு விளக்கு எரிகிறது. சர்வீஸ் கடைக்காரர் இன்னும் 2,000 ரூபாய் கொடுத்தால் சிப்பைச் சூடாக்கிச் சரிசெய்து தருவதாகச் சொல்கிறார். துண்டைச் சுற்றிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டாலே சரியாகிவிடும் என்கிறான் ஒரு நண்பன். பையனின் பிறந்தநாளுக்குத்தான் கேட்கிறேன். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். 500 ரூபாய்க்குத் தந்தாலும் வேண்டாம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பழைய கன்சோல் வாங்க நினைக்கும் எல்லோருக்கும் இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும்.

எக்ஸ்பாக்ஸ் 360 அமெரிக்காவில் 2005 நவம்பரில் விற்பனைக்கு வந்தது. இந்தியாவுக்கு 2006-ல் வந்தது. அதன் பவர் பட்டனைச் சுற்றிக் கால்வட்டமாக நான்கு விளக்குகள் இருக்கும். நான்கும் சிவப்பாக எரிந்தால் டிவிக்குப் போகும் வயர் சரியாகச் செருகப்படவில்லை என்று பொருள். இரண்டு எரிந்தால் பெட்டி அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது. மூன்று எரிந்தால் உள்ளே ஏதோ ஒரு பாகம் போய்விட்டது. முதல் இரண்டு ஆண்டுகளில் இந்த மூன்று விளக்கு எத்தனையோ வீடுகளில் எரிந்து, 'மரண வளையம்' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. 2007 ஜூலையில் அதைத் தயாரித்த மைக்ரோசாஃப்ட், இந்த ஒரு கோளாறுக்கு மட்டும் வாரண்டியை வாங்கிய நாளிலிருந்து 3 ஆண்டாக நீட்டியது. அதற்கான செலவு 105 கோடி முதல் 115 கோடி டாலர் வரை ஆகும் என்று அறிவித்தது. 2009-ல் ஸ்கொயர்டிரேடு என்ற அமெரிக்க வாரண்டி நிறுவனம் தன்னிடம் பதிவான 16,000 கன்சோல்களை வைத்து ஒரு கணக்குப் போட்டது. இரண்டு ஆண்டுக்குள் பழுதானவை எக்ஸ்பாக்ஸ் 360-ல் 23.7 சதவீதம், பிளேஸ்டேஷன் 3-ல் 10 சதவீதம், நின்டெண்டோவின் வீ (Wii) கன்சோலில் 2.7 சதவீதம். 360-ல் ஏறத்தாழ நாலில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே என்ன உடைந்தது என்பதை மைக்ரோசாஃப்ட் பொறியாளர்களே 2021-ல் வெளிப்படையாகச் சொன்னார்கள். சிப் என்று நாம் சொல்வது ஒரே கட்டி அல்ல. மேலே சிலிக்கான் சில்லு, அதற்குக் கீழே ஒரு சிறிய அடித்தட்டு, இரண்டையும் இணைக்கக் கடுகைவிடச் சின்னதாக ஏராளமான சால்டர் (உருக்கி ஒட்டும் உலோகப் பற்று) புள்ளிகள். விளையாடும்போது எல்லாம் சூடாகி விரிகிறது, அணைத்ததும் குளிர்ந்து சுருங்குகிறது. சில்லும் அடித்தட்டும் ஒரே அளவில் விரிவதில்லை. அந்த இழுபறியை அந்தப் புள்ளிகள்தான் தாங்கவேண்டும். கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் ஒடியுமே, அதேதான். சூடு மட்டும் காரணமில்லை, சூடாகி ஆறி, சூடாகி ஆறித்தான் உடைந்தது. ஆசையாகத் தினமும் ஆன் செய்து விளையாடியவர்களின் பெட்டிதான் சீக்கிரம் போயிற்று என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

இனி உங்கள் கடைக்காரர் சொல்வதற்கு வருவோம். ஹாட் ஏர் கன்னால் சூடாக்கினால் அடித்தட்டு கொஞ்சம் வளைந்து கொடுக்கும், விண்டுபோன புள்ளிகள் மறுபடி ஒன்றையொன்று தொடும். பச்சை விளக்கு எரியும், நீங்களும் சந்தோஷமாக வீட்டுக்கு எடுத்துப்போவீர்கள். ஆனால் விரிசல் அப்படியேதான் இருக்கும். சில வாரம், அதிர்ஷ்டம் இருந்தால் சில மாதம், அப்புறம் அதே மூன்று விளக்கு. ரீபாலிங் என்று கூடுதல் காசு கேட்டாலும் இதே கதைதான். அதில் மாற்றுவது சிப்புக்கும் போர்டுக்கும் நடுவில் இருக்கும் உருண்டைகளை. உடைந்திருப்பதோ சிப்புக்குள்ளேயே, இன்னொரு அடுக்கு மேலே. திரையில் வரும் படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் சிப்பையே புதிதாக மாற்றினால்தான் அது உண்மையான ரிப்பேர். கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. பலருக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

துண்டு வைத்தியத்தைத் தயவுசெய்து செய்யாதீர்கள். காற்று போகும் வழியை அடைத்துப் பெட்டியைத் தன் சூட்டிலேயே வேகவைப்பதுதான் அது. இருக்கிற நல்ல பாகமும் கெடும், துணி கருகித் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு.

360-தான் வேண்டும் என்று பையன் பிடிவாதமாக இருந்தால், பெட்டியின் பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். 12 வோல்ட் என்பதற்குப் பக்கத்தில் ஆம்பியர் அச்சிட்டிருக்கும். 16.5 என்றால் ஆரம்பகாலப் போர்டு, தொடாதீர்கள். 14.2 என்றால் நடுவில் வந்தது. 12.1 என்றால் 2008 கடைசியில் வந்த போர்டு, அதில் கிராபிக்ஸ் சிப் சிறிதாகி, இழுக்கும் மின்சாரமும் குறைந்திருந்தது. இன்னும் நல்லது 2010-ல் வந்த மெலிந்த மாடல். அதில் இரண்டு பெரிய சிப்பையும் ஒன்றாக்கிவிட்டார்கள். அந்த மாடலையே தேடுங்கள். இன்னொன்றையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். 360-க்கான ஆன்லைன் கடையை 2024 ஜூலை 29 அன்று மூடிவிட்டார்கள். பையனுக்குப் புது விளையாட்டு வேண்டுமென்றால் டிஸ்க் தேடித்தான் வாங்கவேண்டும்.

கேள்வி (பாரிஸ் வாசகி): மகளின் நின்டெண்டோ ஸ்விட்ச் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. கன்ட்ரோலரிலிருந்து கையை எடுத்த பிறகும் திரையில் இருக்கும் பொம்மை தானாக இடது பக்கம் நடக்கிறது. வாரண்டி முடிந்துவிட்டதே, புது கன்ட்ரோலர் வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வாங்காதீர்கள் அம்மா, உங்களுக்கு இலவசமாகவே சரிசெய்து தருவார்கள். ஐரோப்பிய நுகர்வோர் அமைப்புகளின் கூட்டமைப்பான பெயுக், ஏறத்தாழ 25,000 பேரின் புகார்களோடு 2021 ஜனவரியில் ஐரோப்பிய ஆணையத்திடம் போனது. 2023-ல், பிரான்ஸையும் சேர்த்த ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி, பிரிட்டன், சுவிட்சர்லாந்து ஆகிய இடங்களில் இந்தக் கோளாறை வாரண்டி முடிந்திருந்தாலும் காசில்லாமல் சரிசெய்வதாக நின்டெண்டோ ஒப்புக்கொண்டது. அவர்களின் பிரான்ஸ் சேவைப் பக்கத்துக்குப் போய், கன்ட்ரோலரில் விரலால் சாய்க்கும் குச்சி தானாக நகர்கிறது என்று பதிவுசெய்யுங்கள். அனுப்பும் முன் ஒரு சின்ன வேலை: செட்டிங்ஸில் கன்ட்ரோலர் பகுதியில் குச்சியைச் சரிபார்க்கும் திரை வரும். கையை எடுத்துவிட்டு அந்தத் திரையை மட்டும் பாருங்கள். நடுவில் நிற்கவேண்டிய புள்ளி இடது பக்கமாக நகர்ந்து நின்றால் அதைப் போட்டோ எடுத்துப் புகாரோடு சேர்த்து வையுங்கள்.

இது ஏன் வருகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். அந்தக் குச்சிக்கு அடியில் கார்பன் பூசிய ஒரு பட்டையும் அதன்மேல் உரசிக்கொண்டே போகும் ஒரு மெல்லிய உலோக நாக்கும் இருக்கின்றன. நாக்கு எங்கே நிற்கிறது என்பதை வைத்துத்தான் குச்சி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கன்சோல் கணக்கிடுகிறது. உரச உரசக் கார்பன் தேயும், பொடி சேரும், கணக்குத் தப்பும். உங்கள் மகள் முரட்டுத்தனமாக விளையாடியதால் வந்ததல்ல. அவளைத் திட்டியிருந்தால் கூப்பிட்டுச் சமாதானம் சொல்லிவிடுங்கள்.

இந்தியாவில் இதே ஸ்விட்சை வைத்திருப்பவர்களுக்கு அந்த வசதி கிடையாது. நின்டெண்டோ அதை இங்கே அதிகாரபூர்வமாக விற்கவில்லை, கிடைப்பதெல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்தது. நல்ல கடையில் கொடுத்துக் காந்தத்தால் இயங்கும் 'ஹால் எஃபெக்ட்' குச்சியாக மாற்றிக்கொள்ளலாம். அதில் உரசல் இல்லை, தேய்மானமும் இல்லை. என் கருத்து, எல்லா நிறுவனங்களும் ஆரம்பத்திலிருந்தே அதைத்தான் போட்டிருக்கவேண்டும்.

கேள்வி (சேலம் வாசகர்): செகண்ட் ஹேண்ட் பிளேஸ்டேஷன் 4 பார்க்கப் போகிறேன். அங்கேயே நின்று எதையெல்லாம் சோதிக்கவேண்டும்?

பதில்: அரை மணி நேரமாவது ஓடவிட்டுப் பாருங்கள். இதுதான் முதல் சோதனை, முக்கால்வாசி உண்மை இதிலேயே தெரிந்துவிடும். மெனுவைக் காட்டிவிட்டு "பாருங்க சார், நல்லா ஓடுது" என்பார்கள். மெனு ஓடுவதற்கு ஒன்றும் சூடாகாது. கனமான விளையாட்டு ஒன்றைப் போடச் சொல்லுங்கள். பத்தாவது நிமிடத்திலேயே ஃபேன் மிக்ஸி மாதிரி இரைந்தால், உள்ளே தூசி அடைத்திருக்கிறது அல்லது சிப்புக்கும் அதன் சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் பூசிய பசை காய்ந்துவிட்டது. இரண்டும் சரிசெய்யக்கூடியவைதான், விலையில் குறைத்துக் கேளுங்கள். விளையாட்டின் நடுவில் தானாக அணைந்துபோனால் பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னால் டிவிக்குப் போகும் எச்டிஎம்ஐ வயரை லேசாக, மிக லேசாக ஆட்டிப் பாருங்கள். படம் விட்டு விட்டு வந்தால் அந்த வயரைச் செருகும் இடத்தின் சால்டர் விட்டிருக்கிறது. அப்புறம் டிஸ்க்கை நான்கைந்து முறை போட்டு எடுங்கள். முதல் மாடல்களில் பட்டன்கள் தொட்டாலே வேலை செய்யும் வகை. யாரும் தொடாமலே டிஸ்க்கை வெளியே துப்பும் கோளாறு அவற்றில் உண்டு. பின்னால் ஸ்டிக்கரில் சியூஎச்-12 (CUH-12) என்று தொடங்கினால் அழுத்தும் பட்டன் வந்துவிட்டது, மின்சாரமும் குறைவு. முதலில் வந்த பெரிய பெட்டி மாடல்களில் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

கடைசியாக, சிஸ்டம் சாஃப்ட்வேர் 9.00 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அதற்கு முந்தைய சாஃப்ட்வேரில், உள்ளே இருக்கும் காசு அளவு பேட்டரி செத்துப்போய் ஆன்லைன் இணைப்பும் இல்லையென்றால் விளையாட்டே ஓடாமல் போகும் சிக்கல் இருந்தது. 2021-ல் வந்த 9.00 அதைத் தீர்த்தது.

கேள்வி (கோவை வாசகர்): பிளேஸ்டேஷன் 5-ஐ நிற்கவைப்பதா, படுக்கவைப்பதா? ஸ்டெபிலைசர் வேண்டுமா?

பதில்: நிற்கவைக்கலாம் என்று அதைத் தயாரிக்கும் சோனியே சொல்கிறது. ஆனால் அதன் சிப்பின்மேல் இருப்பது பசை அல்ல, திரவ உலோகம். கீழே விழுந்த அல்லது கழற்றப்பட்ட பெட்டிகளில் அது ஒரு பக்கமாக ஒதுங்கியிருப்பதை ரிப்பேர்காரர்கள் காட்டியிருக்கிறார்கள். இடம் இருந்தால் படுக்கவையுங்கள், நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஸ்டெபிலைசர் தேவையில்லை. எர்த் சரியாக இருக்கும் பிளக்கும் திடீரென எகிறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் நல்ல சர்ஜ் புரொடெக்டரும் போதும். இடி இடித்தால் பவர் வயரோடு இன்டர்நெட் வயரையும் கழற்றிவிடுங்கள்.

எங்கே வைக்கிறீர்கள் என்பதுதான் பெரிய விஷயம். என் அக்கா மகனின் பழைய கன்சோல் ஒன்றைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். கதவு வைத்த டிவி ஸ்டாண்டுக்குள், சாமி படத்துக்கு நேர் கீழே இருந்தது. ஃபேனின் இதழ் ஒவ்வொன்றிலும் சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி தூசி, அதில் ஊதுபத்திப் புகையின் பிசுபிசுப்பு. தொட்டால் உதிரவில்லை, உரித்து எடுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பின்னால் ஹீட் சிங்க்கின் இடுக்குகளே தெரியவில்லை. அதைக் கழுவித் துடைத்ததும் சத்தம் பாதியாகிவிட்டது. பிளேஸ்டேஷன் 5-ல் அந்த அளவுக்குப் போகவேண்டியதில்லை. பக்கத்து மூடியைத் திருகாணி இல்லாமலே கழற்றலாம், தூசி சேர்வதற்கென்றே இரண்டு ஓட்டைகள் விட்டிருக்கிறார்கள். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேக்யூம் கிளீனரை அங்கே காட்டுங்கள். சுவரிலிருந்து 10 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

கேள்வி (திருச்சி வாசகி): புது கன்சோல் ஏழு மாதத்தில் ஆன் ஆகவில்லை. கடையில், "வித்ததோட எங்க வேலை முடிஞ்சது, கம்பெனியைப் பாருங்க" என்கிறார்கள். கம்பெனியோ, மின்சாரத்தால் வந்த கோளாறு என்று சொல்லி 18,000 ரூபாய் கேட்கிறது.

பதில்: இரண்டு பேரும் தட்டிக்கழிக்கிறார்கள். எந்தப் பாகம், எந்தச் சோதனையில் மின்சாரத்தால் போனதாகத் தெரிந்தது என்று எழுத்தில் கேளுங்கள். போனில் பேசியதை நம்பாதீர்கள், மின்னஞ்சல்தான் உங்கள் ஆதாரம். பதில் திருப்தியாக இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவுசெய்யுங்கள். பல புகார்கள் அங்கேயே முடிந்துவிடும்.

அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கம்பெனி இருக்கும் ஊருக்கு அலையவேண்டியதில்லை. பொருளின் விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. கோளாறு வந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் போடவேண்டும். கடை, கம்பெனி இரண்டையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள்.

பில் இருக்கிறதல்லவா? தெர்மல் பேப்பர் பில் என்றால் வெயில் பட்டு எழுத்து மங்கிவிடும். இன்றைக்கே அதையும், பெட்டியின் பின்னால் இருக்கும் சீரியல் நம்பரையும் தெளிவாகப் போட்டோ எடுத்துவையுங்கள். வழக்கு முடியும்வரை 18,000 கட்டி ரிப்பேருக்குக் கொடுக்காதீர்கள், பெட்டியை யாரும் திறக்கவும் விடாதீர்கள்.