கைலிக் கட்டமே கோடு: மிதி மிஷினில் நேர்கோட்டுக் குயில்ட்

பெரியபட்டினத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "பேத்தி தவழ்ந்து விளையாடத் தரையில் விரிக்கலாமென்று, பழைய பரமக்குடி பருத்திச் சேலையில் இரண்டு துண்டு வெட்டி, நடுவில் பஞ்சு ஷீட் வைத்துக் குயில்ட் தைத்தேன். நேராகத்தான் ஓட்டினேன். ஆனால் ஒவ்வொரு கோடும் முடிகிற இடத்தில் மேல் துணி அலை அலையாக ஒதுங்கிவிட்டது. திருப்பிப் பார்த்தால் அடியிலும் மடிப்பு. என்னிடம் இருப்பது கறுப்புத் தலை மிதி மிஷின். புதுசு வாங்கினால்தான் சரிவருமா?"

வேண்டாம், இந்த மிஷினே போதும். உங்கள் கையிலும் குறை இல்லை. ஊசிக்கு அடியில் உள்ள மிஷினின் பல் அடித்துணியைத்தான் நகர்த்துகிறது. மேலே அழுத்தும் ஃபுட், மேல் துணியைப் பிடித்து நிறுத்துகிறது. இரண்டு அடுக்கு ரவிக்கைத் துணியில் இது தெரியாது. நடுவில் பஞ்சு வந்துவிட்டால் தையலுக்குத் தையல் மேல் துணி நூலளவு பின்தங்கி, கடைசியில் மொத்தமும் அலையாக வந்து நிற்கும். ஆகவே மூன்று அடுக்கும் வழுக்காமல் பிடித்து வைப்பதுதான் இதில் முக்கால்வாசி வேலை. மிஷினில் உட்காருவதற்கு முன்னாலேயே அது முடிந்துவிட வேண்டும்.

துணிகளை நனைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். அடித்துணியும் பஞ்சும் மேல் துணியைவிட நாலு பக்கமும் 2 அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். துடைத்துக் காய்ந்த தரையில் அடித்துணியைக் கவிழ்த்து விரித்து, ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். சுருக்கம் போனால் போதும், விறைப்பாக இழுக்கக் கூடாது. இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் துணி சுருங்கி, அடியில் மடிப்பு விழும். நீங்கள் பார்த்த மடிப்புக்கு இதுவும் காரணமாக இருக்கலாம். அதன்மேல் பஞ்சு, அப்புறம் மேல் துணி. நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தடவிக்கொண்டே ஊக்குகளைக் குத்துங்கள். எங்கே முஷ்டியை வைத்தாலும் ஓர் ஊக்கு கையில் தட்டுப்பட வேண்டும். அவ்வளவு நெருக்கம் வேண்டும்.

நம் கடற்கரைக்கென்று ஒரு எச்சரிக்கை. உப்புக் காற்றில் ஊக்கு சீக்கிரம் துருப்பிடிக்கும். ஓர் ஐப்பசி மழையில் ஊக்குக் குத்திய விரிப்பை நாலு நாள் அப்படியே மடித்து வைத்துவிட்டேன். வெள்ளைத் துணியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள், எத்தனை முறை துவைத்தும் போகவில்லை. அன்றே தைக்க முடியாது என்று தெரிந்தால் ஊக்கு வேண்டாம். கை ஊசியால் நீளநீளமாக நூல் ஓட்டி வையுங்கள். பேத்திக்கான விரிப்பு என்பதால் ஊக்குகளை எண்ணிக் குத்தி, எண்ணியே எடுங்கள்.

கோடு போட சாக்குக் கட்டி தேடவேண்டாம். வீட்டில் கட்டம் போட்ட கைலி இருக்குமே? அதை ஒரு பக்கத்துக்கு வைத்து, அந்தப் பக்கம் மேலே இருக்கும்படி தைத்தால் நெசவிலேயே நேர்க்கோடு கிடைத்துவிடும். கிட்டத்தட்ட 2 அங்குலத்துக்கு ஒரு கோடு வருகிற மாதிரி கட்டங்களை விட்டு விட்டு ஓட்டுங்கள். கைலியில் சாயம் போகுமா என்று முதலில் ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்துவிடுங்கள். சேலைதான் மேலே வேண்டுமென்றால் மாஸ்கிங் டேப்பை நேராக ஒட்டி, அதன் ஓரமாகத் தையுங்கள். டேப்பின் மேல் ஊசி ஏறினால் பசை ஒட்டிக்கொள்ளும். இரண்டிலும் கண் ஊசியைப் பார்க்கக் கூடாது. ஃபுட்டுக்கு முன்னால் வருகிற கோட்டைப் பாருங்கள், கை தானாக அதைப் பிடித்துக்கொண்டு போகும்.

மிஷினுக்குப் புது 14 நம்பர் ஊசி போடுங்கள். தையல் அங்குலத்துக்கு 8 இருந்தால் போதும். ரவிக்கைக்கு வைக்கிற பொடித்தையல் இங்கே துணியைச் சுருக்கும். தலையின் மேல், இடது பக்கம் உள்ள திருகைக் கொஞ்சம் தளர்த்தினால் ஃபுட்டின் அழுத்தம் குறையும், அலையும் பாதி அடங்கும். மேல் துணியையும் சேர்த்து நகர்த்துகிற வாக்கிங் ஃபுட் கடையில் கிடைக்கும். உங்கள் மிஷினில் மாட்டிப் பார்த்துவிட்டே வாங்குங்கள். அகலமான மிஷினுக்குச் செய்த ஃபுட் என்றால், அதன் பல் இந்த மிஷினின் குறுகிய பல்லுக்கு நேராக உட்காராது.

முதல் கோடு நட்டநடுவில். அடுத்தது அதற்கு வலது பக்கம், இப்படியே ஓரம் வரை. பாதி விரிப்பின் எல்லாக் கோடுகளையும் ஒரே முனையிலிருந்து தொடங்குங்கள். மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று என்று மாற்றி மாற்றி ஓட்டினால் இடையில் உள்ள துணி கோணலாக முறுக்கிக்கொள்ளும். அப்புறம் விரிப்பைக் கவிழ்க்காமல், தலைமாடு கால்மாடாகச் சுற்றிப் போட்டு மறுபாதி. ஒவ்வொரு கோட்டின் தொடக்கத்திலும் பாபின் நூலை, அதாவது அடிநூலை, மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டால் அடியில் நூல் சிக்காது. மிஷினுக்கு இடது பக்கம் ஒரு ஸ்டூல் போட்டு விரிப்பைத் தாங்க விடுங்கள். அது தொங்கினால் பாரம் ஊசியை இழுத்துக் கோட்டை வளைத்துவிடும்.

ஏற்கெனவே தைத்ததைத் தூக்கிப் போடாதீர்கள். அலை மோசமாக உள்ள கோடுகளை மட்டும் பிரித்து, இஸ்திரி போட்டு, ஊக்குக் குத்தி மறுபடி ஓட்டுங்கள். பஞ்சு ஷீட் பருத்தியாக இருந்தால் முதல் துவைப்பில் சற்றுச் சுருங்கி விரிப்பு முழுக்க மெல்லிய சுருக்கம் விழும், மிச்சமுள்ள சின்ன வளைவுகள் அதற்குள் தெரியாமல் போகும்.