மரத்துப்போவது இருக்கட்டும், வலி ஏன் கூடுகிறது?

கேள்வி: வயது 26. சிசேரியன் ஆகி எட்டு நாள். ஆபரேஷன் முடிந்ததும் ஸ்கேன் வைத்துப் பார்த்து, வயிற்றின் இரு பக்கமும் வலி தெரியாமலிருக்க ஊசி போட்டார்கள். முதல் நாள் வலியே இல்லை. இப்போது தையலுக்கு மேலே தொட்டால் உணர்ச்சி இல்லை. இந்த ஊசியால் நரம்பு செத்துவிடும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். பால் வழியாகக் குழந்தைக்கும் போயிருக்குமா? இடுப்பும் வலிக்கிறது. இரண்டு நாளாகத் தையல் வலி கூடியதால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடுகிறேன்.
ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: நரம்பு சாகவில்லை. அந்த ஊசியை நரம்புக்குள் குத்துவதே இல்லை. வயிற்றின் பக்கவாட்டில் தசை மூன்று அடுக்காக இருக்கும். உள்ளே இருக்கும் இரண்டு அடுக்குகளுக்கு நடுவில்தான் நரம்புகள் ஓடுகின்றன. அந்த இடுக்கில், பக்கத்துக்குச் சுமார் 20 மில்லி, பியூபிவக்கைன் அல்லது ரோபிவக்கைன் என்ற மரப்பு மருந்தை விடுவார்கள். அரை நாள், மிஞ்சினால் ஒரு நாள் வேலை செய்யும். உங்கள் உடம்பில் அது இப்போது இல்லை. பாலில் சேர்வதும் மிகச் சொற்பம்.

மரத்திருப்பதற்குக் காரணம் கத்தி. தோலை வெட்டும்போது அதிலுள்ள மெல்லிய நரம்பிழைகளும் வெட்டுப்படும். ஊசி போடாதவர்களுக்கும் இப்படித்தான் இருக்கும். மாதக்கணக்கில் மெல்லத் திரும்பும். சிலருக்குத் தழும்பையொட்டிக் கொஞ்சம் மிஞ்சலாம், கெடுதல் இல்லை. கால் வலுவிழந்து முட்டியை மடக்கித் தூக்க முடியாமல் போனால்தான் நரம்பைப் பற்றி யோசிக்க வேண்டும். நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை. இடுப்பு வலி பெரும்பாலும் குனிந்து பால் கொடுப்பதால் வருவது. சுவரில் சாய்ந்து, குழந்தைக்கு அடியில் தலையணை வையுங்கள்.

யூடியூபுக்குப் பயந்த நீங்கள், பயப்பட வேண்டியதைக் கடைசி வரியில் சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். சிசேரியன் வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைந்து வந்த வலி ஆறாம் நாள், எட்டாம் நாளில் ஏறினால், தையலிலோ கர்ப்பப்பையிலோ சீழ் பிடிக்கிறதா என்று உடனே பார்த்தாக வேண்டும். மாத்திரை வலியோடு காய்ச்சலையும் அமுக்கிவிடுவதால் உங்களுக்கே தெரியாது. தெர்மாமீட்டர் 100.4 காட்டட்டும் என்று காத்திருக்காதீர்கள். காய்ச்சல் இல்லாவிட்டாலும் இன்றே போங்கள். தையல் ஓரம் சிவந்து, சூடாகி, கெட்டியாகியிருக்கிறதா, நீர் கசிகிறதா, தீட்டு நாற்றம் அடிக்கிறதா, அடிவயிற்றை அமுக்கினால் துடிக்கிறீர்களா என்று பார்ப்பார்கள். பாலக்கோடு அரசு மருத்துவமனையில் காட்டினாலே சிகிச்சையைத் தொடங்கிவிடலாம். குளிர் நடுக்கமோ மயக்கமோ, உதிரப்போக்கு திடீரென அதிகமானாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

கடையில் கொடுக்கும் வலி மாத்திரை பலவற்றில் பாரசிட்டமாலும் கலந்திருக்கும். அதோடு தனியாக 650 மி.கி. பாரசிட்டமால் மாத்திரையும் போட்டால் ஒரே மருந்து இரண்டு தடவை உள்ளே போகும். பாரசிட்டமால் ஒரு நாளைக்கு மொத்தம் 4 கிராம்தான் உச்சவரம்பு. எடை 50 கிலோவுக்குக் கீழே என்றால் அதைவிடக் குறைவு. காலி அட்டையைத் தூக்கி எறியாமல், டிஸ்சார்ஜ் சீட்டோடு கையில் கொண்டு போங்கள். தையல் மேல் மஞ்சள், தேங்காயெண்ணெய் எதுவும் தடவ வேண்டாம், பார்ப்பவருக்குச் சிவப்பு தெரியாது. குழந்தையையும் கூடவே தூக்கிப் போங்கள். பாலை நிறுத்த வேண்டியதில்லை.