கேள்வி பதில்: லண்டனுக்குப் போக ஒரு கணக்கு, வர ஒரு கணக்கு

கேள்வி: டிசம்பரில் கோலாலம்பூரிலிருந்து லண்டனுக்கு மகளைப் பார்க்கப் போகிறோம். போக பதினான்கரை மணி நேரம், வர பதின்மூன்று என்கிறது டிக்கெட். ஏன் இந்த வித்தியாசம்?
– வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: காற்றுதான் காரணம் அம்மா. 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்று வேகமாக ஓடுகிறது. வடக்கே குளிர்காலத்தில் அது இன்னும் பலக்கும். நீங்கள் போவது அந்த மாதத்தில்தான். விமானத்தின் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர், பறக்கும் பாதை 11,000, காற்று சராசரியாக 70 என்று வைத்துப் பாருங்கள். போகும்போது எதிர்க்காற்று, தரைக் கணக்கில் வேகம் 830தான், 13 மணி 15 நிமிடம் பிடிக்கும். வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும். வேகம் 970, 11 மணி 20 நிமிடம் போதும். டிக்கெட்டில் உள்ள நேரம் இதைவிடக் கூடுதலாக இருக்கும். விமானம் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்க முறை வரும்வரை வானில் வட்டமடிப்பது எல்லாவற்றுக்கும் சேர்த்தே அதைப் போடுகிறார்கள்.

பினாங்கிலிருந்து இணைப்பு விமானம் எடுக்கும்போது கவனம். சில விமானங்கள் கோலாலம்பூரின் பழைய விமான நிலையமான சுபாங்கில் இறங்கும். அங்கிருந்து, லண்டன் விமானம் புறப்படும் சிப்பாங் விமான நிலையத்துக்குச் (KLIA) சாலையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். நெரிசலில் இன்னும் ஆகும்.

கேள்வி: வரைபடத்தில் ரூலர் வைத்தால் லண்டன் பாதை வளைகுடா மேலே போகிறது. விமானம் ஏன் வடக்கே வளைகிறது?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: பிள்ளைகளின் உலக உருண்டையை எடுத்து, இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். அது வங்காள விரிகுடாவைத் தாண்டி, ஒடிசா வழியாக ஏறி, உஸ்பெகிஸ்தான் – ஆப்கானிஸ்தான் எல்லைக்கு அருகே பாதித் தூரத்தைத் தொட்டு, காஸ்பியன் கடலின் வடபக்கமாக உக்ரைனுக்குள் நுழையும். மிகக் குறுகிய வழி அதுதான், சுமார் 10,600 கிலோமீட்டர். உருண்டையைத் தட்டையாக்கிய வரைபடத்தில் அதுவே வளைவாகத் தெரிகிறது. ஆனால் உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரி முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. சுற்றிப் போவதால் நிஜத் தூரம் கூடுகிறது.

கேள்வி: இரவு 11.30க்குப் புறப்பட்டு மறுநாள் காலை 6.00க்கு லண்டனில் இறங்கினால், பயணம் ஆறரை மணி நேரம்தானா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: இல்லை ஐயா, டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் இருக்கும். இறங்கும் நேரத்தை மலேசிய நேரமாக்குங்கள். குளிர்காலத்தில் 8 மணி கூட்டினால் பிற்பகல் 2.00, ஆகப் பயணம் பதினான்கரை மணி நேரம். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை லண்டனில் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளி வைப்பார்கள், அப்போது 7 கூட்டினால் போதும். வேளை தவறாமல் மாத்திரை போடுபவர்கள் இறங்கும்வரை கைக்கடிகாரத்தை மலேசிய நேரத்திலேயே விட்டுவைக்கலாம்.