வயலு பூராம் பிளாட்டாச்சு, கீரைக்கு எங்கிட்டுப் போறது?

கேள்வி: நான் கல்யாணமாகி அவனியாபுரம் வந்தப்ப வீட்டச் சுத்தி நெல்லு வயலு, இப்ப பூராம் பிளாட்டு. தெருமுக்குல பரோட்டா கடை இருக்கு, பேக்கரி இருக்கு, ஒரு நல்ல கீரைக்கட்டு வேணும்னா பஸ் ஏறணும். ஏரியா பொம்பளைங்க சேந்து மாநகராட்சில காய்கறிக் கடை கேட்டு மனு குடுக்கலாம்னு இருக்கோம், நடக்குமா?
- வாசகி, அவனியாபுரம்

பதில்: குடுங்க, வேணாங்கல. ஆனா மனு ஃபைலுக்குள்ள கிடக்குற வரைக்கும் வீட்ல கொழம்பு வைக்காம இருக்க முடியுமா? தமிழ்நாட்டோட முதல் உழவர் சந்தையே நம்ம மதுரை அண்ணா நகர்லதான், 1999 நவம்பர் 14 அன்னைக்குத் தொறந்தாங்க, விவசாயி அட்டைய வச்சு நேரா விக்கலாம், கமிஷன் கிடையாது, வெலையும் போர்டுல போட்டிருப்பாங்க. உங்க பக்கத்துக்கு பழங்காநத்தத்துல ஒண்ணு இருக்கு. என்ன, அது காலைல கூடுற சந்தை, வேலைக்கு ஓடுறவுகளுக்கு ஒத்து வராது.

அதனால மொதல்ல உங்க தெருவுக்கு தள்ளுவண்டி கொண்டாற அக்காவப் பாருங்க. அவுக ஏன் தக்காளி, வெங்காயம், உருளைன்னே கொண்டாறாங்க, கீரை மத்தியானத்துக்குள்ள வாடிரும், விக்கலைன்னா நட்டம் அவுக தலையில, அதுலயும் பாதிப் பேரு காலைல வட்டிக்கு வாங்கித்தான் மாட்டுத்தாவணில சரக்கே எடுக்குறாங்க. நீங்க ஒரு முப்பது வீடு சேந்து, யாருக்கு எத்தன கட்டு, என்ன காய்னு மொத நா ராத்திரியே வாட்ஸ்அப்ல சொல்லி காசும் முன்னாடியே போட்டு விட்டா அந்த அக்கா ஏன் கொண்டாராம இருக்கப் போறாங்க? வட்டியும் மிச்சம். புதுசா கடை வந்தா மொத அடி அந்த அக்காவுக்குத்தான், அத யாரும் யோசிக்கிறதில்ல. மனு குடுத்தே ஆகணும்னா 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அவுகளுக்கு விற்பனைச் சான்று கேட்டு எல்லாருமா போய்க் குடுங்க, யாரும் வெரட்டாம ஒரே எடத்துல நிப்பாங்க.

அப்புறம், சும்மா கிடக்குற பிளாட்டு. ஓனருக்கு ஒரே பயம், விட்டா பின்னாடி பாத்தியதை கேப்பாங்களோன்னு. எந்த உரிமையும் கேக்க மாட்டோம், சொன்னா காலி பண்ணிருவோம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு சிறுகீரை, தண்டுக்கீரை வெதைங்க, ஒரு மாசத்துல பறிச்சிரலாம், அவரு வீடு கட்ட வந்தாலும் உங்களுக்குப் பெரிய நட்டமில்ல. தண்ணி விஷயத்துல மட்டும் கறாரா இருங்க. சாக்கடை கலந்த கண்மாய்த் தண்ணி, வாய்க்கா தண்ணி கீரைக்கு ஆகவே ஆகாது, எம்புட்டு பச்சையா செழிச்சு நின்னாலும் சரி.

கேள்வி: வீட்டுக்காரரு உருளைக்கிழங்கு வறுவல்தான் காய்ங்கிறாரு. ஒரு ஆளுக்கு நாளைக்கு எம்புட்டு காய் வேணும்?
- வாசகி, வில்லாபுரம்

பதில்: உலக சுகாதார நிறுவனம் சொல்றது காயும் பழமும் சேத்து 400 கிராம், உருளை அந்தக் கணக்குல வராது. நாலு பேரு வீட்டுக்கு நாளைக்கு ஒண்ணரைக் கிலோவுக்கு மேல ஆகுது, நம்ம பாதிப் பேரு வீட்ல சாம்பார்ல மெதக்குறதோட சரி. உருளைய சோத்துக் கணக்குல சேத்துட்டு பக்கத்துல ஒரு பொரியல் வைங்க, வறுவலுக்காக அவருகூட சண்டை எல்லாம் போட வேணாம்.