கனகுயா விடுதியின் அறைகள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அடுத்த ஆண்டு இரண்டாம் முறையாக ஜப்பான் செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். முதல் பயணத்தில் கியோத்தோவில் ரியோகான் எனப்படும் ஒரு சிறிய மரபு விடுதியில் தங்கினோம். கோரைப்பாய் விரித்த அறை, ஒரு தாழ்வான மேசை, மாடத்தில் ஒற்றைப் பூ, காகிதக் கதவின் வழியே கசியும் வெளிச்சம், இவ்வளவுதான். ஜப்பானிய மரபு என்றால் இந்த எளிமைதான் என்று அன்று மனத்தில் பதிந்துவிட்டது. இப்போது என் மனைவி நகானோ மாநிலத்தின் ஷிபு வெந்நீரூற்று ஊரில் உள்ள கனகுயா என்ற விடுதியில் தங்கலாம் என்கிறார். படங்களில் பார்த்தால் நான்கு மாடி மரக்கட்டடம், இரவில் விளக்கொளியில் ஜொலிக்கிறது. உள்ளே நடைகூடத்தில் கூரைகள், விதவிதமான சாளரங்கள், ஒன்றைப் போல் மற்றொன்று இல்லாத அறைகள். எனக்கு அது சுற்றுலாப் பயணிகளுக்காக அலங்கரித்த மேடை போலத் தோன்றுகிறது. கட்டியதும் 1936இல்தானாம். இது உண்மையான மரபுக் கட்டடக்கலைதானா? அவ்வளவு தூரம் சென்று பார்க்கத் தகுந்ததா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

கனகுயா மரபுக் கட்டடக்கலைதான். உங்களுக்கு ஐயம் எழுந்ததற்குக் காரணம் அந்தக் கட்டடத்தில் இல்லை. ஜப்பானிய மரபு என்று நாம் கற்றுக்கொண்டிருப்பதில் இருக்கிறது. நம்மில் பலருக்கும் அந்த மரபு ஏற்கெனவே சலித்தெடுக்கப்பட்ட பிறகே வந்து சேர்ந்தது.

சலித்தெடுத்தவர்களில் முதன்மையானவர் ஜெர்மானியக் கட்டடக்கலைஞர் புரூனோ டவுட். 1933இல் ஜப்பானுக்கு வந்த அவர், கியோத்தோவின் கத்சுரா அரண்மனையைக் கண்டு வியந்து, அதன் தூய கோடுகளையும் அளவான வெறுமையையும் உலகின் உச்சம் எனப் புகழ்ந்தார். நிக்கோவில், தோகுகாவா ராணுவ ஆட்சியை நிறுவிய இயேயாசுவுக்கு எழுப்பப்பட்ட, பொன்னும் வண்ணமும் செதுக்கலுமாக நிறைந்த தோஷோகு ஆலயத்தை மலிவான அலங்காரம் என்று ஒதுக்கினார். அது ஒரு நவீனத்துவரின் ரசனை. அலங்காரத்தைக் குற்றமாகவே கருதிய ஒரு காலம், தன் கொள்கைக்குச் சான்று தேடி ஜப்பானுக்கு வந்தது, தேடியது கிடைத்தது. அந்தத் தீர்ப்பை ஜப்பானியக் கட்டடக்கலைஞர்களில் பலரும் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டதால், எளிமை ஒன்றே ஜப்பானின் இயல்பு என்ற எண்ணம் உலகெங்கும் நிலைபெற்றது.

ஆனால் அதே கத்சுராவின் தோட்டத்தில் உள்ள ஷோகின்தேய் என்னும் தேநீர் மாளிகைக்குள் நுழைந்தால், தொகோனோமா எனப்படும் சுவர்மாடத்திலும் இடைக்கதவுகளிலும் நீலமும் வெள்ளையுமாகப் பெரிய சதுரங்கக் கட்டங்கள் நம்மை எதிர்கொள்கின்றன. 17ஆம் நூற்றாண்டின் அந்தத் துணிச்சல் இன்றும் கண்ணைக் கூச வைக்கிறது. அரண்மனையின் மற்றொரு பகுதியிலுள்ள அலமாரி அடுக்கு, கருங்காலி முதலிய வெளிநாட்டு மரங்கள் பலவற்றைச் சேர்த்துச் செய்தது. எளிமையின் கோயில் எனப் போற்றப்பட்ட இடத்திலேயே விளையாட்டும் ஆடம்பரமும் முதலிலிருந்தே இருந்தன.

இனி விடுதி அறையின் வரலாற்றுக்கு வருகிறேன், ஏனெனில் உங்கள் கேள்விக்கான உண்மையான விடை அங்கேதான் இருக்கிறது. எடோ காலத்தில், அதாவது தோகுகாவா ஆட்சியின்போது, 1635 முதல், நிலப்பிரபுக்கள் தங்கள் பகுதிக்கும் ஆட்சித் தலைநகரான எடோவுக்கும் (இன்றைய தோக்கியோ) இடையே முறைவைத்துப் பயணம் செய்ய வேண்டும் என்ற விதி கட்டாயமானது. அவர்கள் வழியில் தங்குவதற்கு நெடுஞ்சாலை ஊர்களில் ஹோன்ஜின் எனப்பட்ட மாளிகைகள் இருந்தன. முறையான வாயில், தனி முகப்பு, தரையிலிருந்து ஒரு படி உயர்த்திய பிரபுவின் அறை, அதில் சுவர்மாடம் ஆகியவை அவற்றுக்கு மட்டுமே உரியவை. சாதாரணப் பயணிகள் தங்கிய ஹத்தாகோ விடுதிகளிலோ முன்பின் அறியாதவர்களோடு ஓர் அறையைப் பகிர்ந்து படுக்க வேண்டியிருந்தது. வெந்நீரூற்று ஊர்களில் நிலைமை இன்னும் எளியது. அறுவடை முடிந்த உழவர்கள் அரிசியும் மற்ற உணவுப்பொருள்களும் சுமந்து வந்து, தாமே சமைத்து, உடல்வலி தீர வாரக்கணக்கில் நீராடிச் சென்றார்கள். யார் எத்தகைய வீடு கட்டலாம், எந்த உறுப்பை வைக்கலாம் என்பதற்கெல்லாம் சட்டத்தின் தடை இருந்தது.

1868க்குப் பிறகு, தோகுகாவா ஆட்சி முடிந்து பேரரசரின் பெயரால் அமைந்த மெய்ஜி அரசு இந்தத் தடைகளை நீக்கியது. ஹோன்ஜின் முறையும் 1870இல் ஒழிந்தது. அதன்பின் நிகழ்ந்ததை நான் மிகவும் மதிக்கிறேன். பிரபுவுக்கு மட்டும் உரியதாக இருந்த அறை, அதன் சுவர்மாடத்தோடும் அதன் முன்னால் உள்ள முதன்மை இருக்கையோடும், கட்டணம் செலுத்தும் எவருக்கும் கிடைத்தது. கியோத்தோவில் நீங்கள் தங்கிய அறையில் அந்த மாடத்துக்கு முன்னே உங்களை உட்கார வைத்திருப்பார்கள். நூறு ஆண்டுகள் முன்னால் சென்றிருந்தால் ஒரு நெசவாளரோ மீன் வணிகரோ அதே இடத்தில் அமர்ந்து அதே வணக்கத்தைப் பெற்றிருப்பார். ரியோகான் அறையின் உள்ளடக்கம் வெறுமை என்று நான் நினைக்கவில்லை. வந்தவர் எவராயினும் ஓர் இரவு அவரை உயர்ந்த விருந்தினராக அமர்த்துவதே அதன் உள்ளடக்கம். அதை ஒற்றைப் பூவாலும் செய்யலாம், நான்கு மாடி அலங்காரத்தாலும் செய்யலாம்.

ஷிபு இரண்டாம் வழியைத் தேர்ந்ததற்குத் தெளிவான காரணம் உண்டு. 1927இல் நகானோ மின்தொடர்வண்டி அருகிலுள்ள யுதனாக்கா வரை வந்தது. மலைக்கு அப்பால் இருந்த மருத்துவ நீராட்ட ஊர், ஒரே நாளில் நகரத்தவர் எட்டக்கூடிய இடமாயிற்று. வந்தவர்கள் வாரக்கணக்கில் தங்கவில்லை. ஓரிரு நாள் மகிழ்ந்து திரும்பிச் சென்றார்கள். 1758இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் கனகுயாவின் ஆறாம் தலைமுறை உரிமையாளர், ஆலயம் கட்டும் தச்சரோடு நாட்டின் பல பகுதிகளுக்கும் சென்று சிறந்த கட்டடங்களைப் பார்த்துத் திரும்பி, சாய்கெத்சுரோ என்னும் நான்கு மாடிப் பகுதியையும் பெரிய விருந்துக் கூடத்தையும் கட்டினார். அவை 1936இல் முடிந்தன. புரூனோ டவுட் ஜப்பானை விட்டுப் புறப்பட்டதும் அதே ஆண்டுதான். அவர் நிராகரித்த வழியில் ஒரு மலையூர்த் தச்சர் குழு அப்போது முழுத் திறனோடு வேலை செய்துகொண்டிருந்தது.

நீங்கள் மேடை என்று குறிப்பிட்ட நடைகூடத்தைக் கவனமாகப் பாருங்கள். அது ஓர் ஊரின் தெருவாகக் கற்பனை செய்யப்பட்டது. ஒவ்வோர் அறையும் ஒரு தனி வீடு. ஆகவே அறை வாசலுக்கு மேல் சிறு கூரை இறங்குகிறது, தெருவைப் பார்த்த சாளரம் அமைகிறது, வாசல் மரங்களும் வீட்டுக்கு வீடு மாறுகின்றன. பழைய நீர்ச்சக்கர ஆலைகளின் பல்சக்கரங்களை அலங்காரமாகப் பொருத்தியிருக்கிறார்கள். அரிசி குற்றித் தேய்ந்த மரம், வீசி எறியப்படாமல் கட்டடத்தின் ஓர் உறுப்பாகியது. விலைமிகுந்த பொருள்களைக் குவித்து வியக்க வைப்பதை விட, கைக்கெட்டிய பொருளில் புதுமை காண்பதே இந்தத் தச்சர்களின் நோக்கம் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

அறைக்குள் சென்றதும் முதலில் உட்காருங்கள். நின்று பார்ப்பவருக்கு ஜப்பானிய அறை எப்போதும் பாதிதான் தெரியும், ஏனெனில் அதன் அளவுகள் எல்லாம் பாயில் அமர்ந்தவரின் கண்மட்டத்தை வைத்தே தீர்மானிக்கப்பட்டவை. பனிப்பகுதிகளில் காகிதக் கதவின் கீழ்ப்பாதியை மேலே நகர்த்தி, கண்ணாடி வழியே தோட்டத்துப் பனியைப் பார்க்கும்படி அமைப்பதுண்டு. எழுந்து நின்றால் அந்தக் காட்சி மறைந்துவிடும். பிறகு சுவர்மாடத்தின் ஓரத் தூணைப் பாருங்கள். முறையான அறைகளில் அது சதுரமாக இழைத்த தூண். தேநீர் இல்லங்களிலிருந்து பிறந்த சுகியா பாணியிலோ பட்டை உரிக்காத மரமோ, கியோத்தோவின் வடக்கே கித்தயாமாவில் வளர்த்து மெருகேற்றிய தேவதாருவோ, இயற்கையாக வளைந்து முறுக்கிய கிளையோ நிற்கும். வளைந்த மரத்தோடு நேரான சுவரை இடைவெளி இல்லாமல் பொருத்துவது தச்சருக்கு மிகக் கடினமான வேலை; அறையின் பெருமை பெரும்பாலும் அந்த மூட்டில் இருக்கிறது. அடுத்து விதானம். மெல்லிய மரச்சட்டங்கள் மாடத்துக்கு இணையாக ஓடும். மாடத்தை நோக்கிக் குத்துவதுபோல் ஓடினால் அது மங்கலமன்று. பாய்களும் அப்படியே. நான்கு பாய்களின் மூலைகள் ஒரே புள்ளியில் சந்திக்கும்படி விரிப்பதைத் துக்க நிகழ்வோடு சேர்த்து நினைப்பதால், விருந்தினர் அறையில் தவிர்ப்பார்கள். கியோத்தோவின் ஒற்றைப் பூ அறையிலும் ஷிபுவின் அலங்கார அறையிலும் இந்த இலக்கணம் ஒன்றுதான்.

வயதைப் பற்றிய உங்கள் ஐயத்துக்கும் ஒரு சொல். கியோத்தோவின் ஃபுயாச்சோ தெருவில் எதிரெதிரே நிற்கும் தவராயாவும் ஹீராகியாவும் நாட்டின் புகழ்பெற்ற ரியோகான்கள். தவராயா முந்நூறு ஆண்டுகளைக் கடந்தது, ஹீராகியா 1818இல் தொடங்கியது. ஆனால் 1864இல் அரண்மனை வாயிலருகே மூண்ட போரின் தீ நகரின் பெரும்பகுதியை அழித்தபோது தவராயாவும் எரிந்தது. இன்று நிற்பது அதற்குப் பின் கட்டியது. அதிலும் ஒரு பகுதி 20ஆம் நூற்றாண்டின் நடுவில் யோஷிமுரா ஜுன்ஸோ என்னும் நவீனக் கட்டடக்கலைஞர் வடிவமைத்தது. அதாவது மிகத் தொன்மையானது என்று நாம் நம்பும் அந்த அமைதியான அறை, சில இடங்களில், கனகுயாவின் நான்கு மாடியை விட இளையது. மரத்தில் கட்டும் நாட்டில் தொன்மை என்பது தொழிலின் தொடர்ச்சியிலும் அளவுகளிலும் தங்கியிருக்கிறது. ஒரு குறிப்பிட்ட கட்டையின் வயதை வைத்து அதை எடைபோட்டால் ஜப்பானில் எதையுமே சரியாக மதிப்பிட முடியாது.

அப்படிச் சொல்லும்போதே, 1936 எனக்கு அரிய ஆண்டு. 1950இன் கட்டடச் சட்டத்துக்குப் பிறகு இத்தகைய உயரமான மரக்கட்டடங்களைப் பழைய முறையில் எழுப்புவது ஏறக்குறைய இயலாததாயிற்று. அந்தத் தச்சர் தலைமுறையும் திரும்பி வரவில்லை. கோபே பகுதியைத் தாக்கிய 1995இன் ஹான்ஷின் நிலநடுக்கத்தில் பழைய கட்டடங்கள் பல அழிந்ததைக் கண்ட அரசு, மறு ஆண்டே பதிவுபெற்ற பண்பாட்டுச் சொத்து என்ற புதிய முறையைக் கொண்டுவந்தது. ஐம்பது ஆண்டுகளைக் கடந்த, இன்னும் பயன்பாட்டில் உள்ள கட்டடங்களுக்கு அது ஏற்றது. உரிமையாளர் உட்புறத்தைக் காலத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம், தொழிலை நடத்தலாம். வெளித்தோற்றத்தைப் பெரிய அளவில் மாற்றும்போது முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். சாய்கெத்சுரோவும் விருந்துக் கூடமும் 2003இல் இப்படிப் பதிவாயின. 1980களில் 80,000க்கும் மேல் இருந்த ரியோகான்கள் இப்போது பாதிக்கும் குறைவாகிவிட்ட நிலையில், அருங்காட்சியகமாக மாறாமல் இரவுதோறும் விருந்தினர் உறங்கும் கட்டடமாக அது நீடிப்பதை நான் பெரிதாக எண்ணுகிறேன்.

ஆகவே உங்கள் மனைவியின் விருப்பப்படியே செய்யுங்கள். அந்த விடுதியில் வேறு காலத்தில் கட்டிய பகுதிகளும் இருப்பதால், பதிவு செய்யும்போதே சாய்கெத்சுரோவில் அறை வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். பழைய மரக்கட்டடங்களில் பக்கத்து அறையின் பேச்சும் மேல்தளத்தின் காலடியும் கேட்கும், குளிர்காலத்தில் நடைகூடம் சில்லிடும். இவற்றை முன்பே அறிந்து செல்வது நல்லது. தங்குபவர்களுக்கு விடுதியினரே கட்டடத்தைச் சுற்றிக் காட்டி விளக்கும் வழக்கமும் அங்கே உண்டு. விளக்கம் ஜப்பானிய மொழியில் இருந்தாலும் உடன் செல்லுங்கள். அவர்கள் கை நீட்டிக் காட்டும் இடத்தைப் பார்த்தாலே எந்த மர இணைப்பை, எந்தச் சாளரத்தை அவர்கள் பெருமையாகக் கருதுகிறார்கள் என்பது உங்களுக்கு விளங்கிவிடும்.

அன்புடன்.