ஒத்தை ஆளாகப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பக்கவாதத்தில் மாமியாருக்கு இடது கையும் காலும் வரவில்லை. கணவருக்கு வெளியூரில் வேலை. நான் ஒருத்திதான் பார்க்கிறேன். வீட்டுக்கே வந்து உதவ அரசில் ஏற்பாடு உண்டா?
– ஒரு வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிரஷர், சுகர் மாத்திரைக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பிசியோதெரபியும், படுக்கையில் இருப்பவர்களுக்கான நோய் ஆதரவு சிகிச்சையும் அதிலேயே அடக்கம். டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு, ஆதார் நகல் மூன்றையும் எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். “படுத்த படுக்கையாக இருக்கிறார், பிசியோதெரபி வேண்டும்” என்று விவரமாகச் சொல்லிப் பதியுங்கள். மாத்திரை வேண்டும் என்று மட்டும் சொன்னால், மாத்திரை மட்டுமே வீடு தேடி வரும்.

பிசியோதெரபிஸ்ட் தினமும் வர இயலாது. வரும் நாளில் அவர் செய்வதை செல்போனில் படம் பிடித்து வைத்து, மற்ற நாட்களில் அதையே செய்யுங்கள். வராத கையைப் பிடித்து இழுத்து எழுப்பவே கூடாது. தசைப் பிடிமானம் இல்லாத தோள்மூட்டு நழுவி, பிறகு வலி நிரந்தரமாகிவிடும். முதுகுக்குப் பின்னால் கை கொடுத்து எழுப்புங்கள். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். இடுப்பிலோ குதிகாலிலோ தோல் சிவந்திருந்தால் அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள், உள்ளே திசு சிதையும். ஓட்டை வைத்த வளையத் தலையணையும் வேண்டாம்; சுற்றிலும் அழுத்தி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும்.

கேள்வி: எங்கள் தெரு நலச்சங்கமும் மகளிர் குழுவும் சேர்ந்து இப்படிப்பட்ட வீடுகளுக்கு உதவ நினைக்கிறோம். எப்படித் தொடங்குவது?
– நலச்சங்கச் செயலாளர், மதுரை

பதில்: கோழிக்கோட்டைப் பாருங்கள். 1993-இல் அங்கே தொடங்கிய வலி நிவாரண, ஆதரவு சிகிச்சை சங்கத்தின் முயற்சி, பிறகு அக்கம்பக்கத்துத் தொண்டர்களின் வலைப்பின்னலாகக் கேரளம் முழுக்கப் பரவியது. மருத்துவ வேலை நர்ஸுக்கு, மற்ற வேலைகள் ஊராருக்கு என்ற பங்கீடுதான் அதன் பலம். உங்களுக்கும் அதுவே போதும்.

முதலில் 10 பேர், 3 வீடுகள். அதற்கு மேல் எடுக்காதீர்கள். முதல் மாத உற்சாகத்தில் 15 வீடுகளை ஒப்புக்கொண்டு மூன்றாம் மாதம் நின்றுபோனால், நம்பியிருந்த குடும்பம் முன்பைவிட உடைந்துபோகும். ஒருவர் வாரம் 2 மணி நேரம், நாளும் நேரமும் மாறாமல், எப்போதும் இருவராகப் போக வேண்டும். “ஏதாவது வேணுமாம்மா?” என்று கேட்டால் “ஒண்ணும் வேணாம்” என்றுதான் பதில் வரும். “செவ்வாய்க்கிழமை 10 மணியிலிருந்து 12 வரை நாங்க உட்கார்ந்திருக்கோம், நீங்க பேங்குக்குப் போயிட்டு வாங்க” என்று சொல்லிப் பாருங்கள். பார்த்துக்கொள்கிறவருக்கு அந்த 2 மணி நேரத்தைவிடப் பெரிய உதவி இல்லை. அவர் தூங்க நினைத்தால் தூங்கட்டும்.

தொண்டர்கள் தொடக்கூடாதவை: மாத்திரை அளவு, ஏடிஎம் கார்டு, நகை, சொத்துப் பேச்சு. வீட்டில் ஒரு நோட்டு இருக்கட்டும். வந்த நேரம், சாப்பிட்டது, மலம் கழித்தது, புதிதாகச் சிவந்த இடம் என நாலு வரி எழுதினால், சுகாதார நிலைய நர்ஸ் வரும்போது அதுவே பாதி வேலையை முடித்துவிடும்.

இன்னொன்று, சாமான் கிடங்கு. இறந்துபோனவர்களின் வாக்கர், கமோடு நாற்காலி, காற்றுப் படுக்கை எத்தனையோ வீட்டுப் பரணில் தூசி தின்கின்றன. கேட்டு வாங்குங்கள். கொடுக்குமுன் சரிபார்ப்பது முக்கியம். வாக்கரின் நாலு கால் ரப்பரும் தேயாமல் இருக்க வேண்டும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் கைப்பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும். உயரம் தவறினால் வாக்கரே கீழே தள்ளும். சக்கர நாற்காலியில் இரண்டு பிரேக்கும் பிடிக்க வேண்டும். காற்றுப் படுக்கையை ஓர் இரவு ஓடவிட்டுக் காலையில் பாருங்கள், கசிவு இருந்தால் தெரிந்துவிடும்.

கேள்வி: மறதி நோயுள்ள அம்மா, வெளியாளை வீட்டுக்குள் விடுவதில்லை. அப்பாவுக்கு 78 வயது, களைத்துவிட்டார்.
– ஒரு மகன், சேலம்

பதில்: வருகிறவரை ‘பார்த்துக்கொள்ள வந்தவர்’ என்று அறிமுகப்படுத்தாதீர்கள். முதல் மூன்று முறை விருந்தாளியாக வரட்டும், அப்பா கூடவே இருக்கட்டும். பூ தொடுப்பதோ கீரை ஆய்வதோ, அம்மாவின் கைக்குப் பழகிய வேலை ஒன்றைச் சேர்ந்து செய்யட்டும். நான்காம் முறை அப்பா 15 நிமிடம் வெளியே போய் வரலாம், அடுத்து அரை மணி. காலை நேரமாகப் பாருங்கள். மாலையில் பலருக்குக் குழப்பமும் பதற்றமும் கூடும்.

நீங்கள் வெளியூரில் இருந்தால் செலவை அனுப்புவதோடு, மாதம் இரண்டு நாள் வந்து அப்பாவை விடுவியுங்கள்.

கேள்வி: முதியோருக்கான உதவி எண் எது?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: 14567. கட்டணமில்லை, காலை 8 முதல் இரவு 8 வரை. ஓய்வூதியம், சட்ட உதவி, வீட்டில் கொடுமை, ஆதரவற்று நிற்பவரை மீட்பது எல்லாவற்றுக்கும் இதில் பேசலாம். விழுந்துவிட்டார், மூச்சுத் திணறுகிறது என்றால் இதில் நேரத்தைப் போக்காமல் 108-ஐ அழையுங்கள்.